வீட்டில் எல்லோருக்கும் நெட் வருகிறது. ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏன் வரவில்லை?

“சார், வயல் பூரா நல்லா இருக்கு. ஒரு மூலை மட்டும் மஞ்சளா இருக்கு. என்ன மருந்து அடிக்கலாம்?”

போனில் இப்படிக் கேட்கும் விவசாயிக்கு நான் உடனே மருந்துப் பெயர் சொல்வதில்லை. மஞ்சள் அடி இலையில் தொடங்கியதா, குருத்து இலையில் தொடங்கியதா என்று கேட்பேன். அடி இலை என்றால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். குருத்து இலை என்றால் இரும்பு அல்லது கந்தகச் சத்துக் குறைவாக இருக்கலாம். அந்த மூலையில் தண்ணீர் தேங்கி நிற்கிறதா, பக்கத்து வயல் எப்படி இருக்கிறது என்றும் கேட்பேன். வாய்க்கால் தண்ணீரில் கோளாறு என்றால் வயல் முழுக்கத் தெரிய வேண்டும். ஒரு மூலையில் மட்டும் தெரிந்தால் கோளாறு அந்த மூலையில்தான் இருக்கும்.

முப்பது ஆண்டுகளாக இதையே சொல்லி வருகிற நான், ஒருமுறை இலையைப் பார்க்காமலே மருந்து எழுதிக் கொடுத்து, ஒரு குடும்பத்துக்கு 450 ரூபாய் வீண் செலவு வைத்தேன். பயிர் விஷயத்தில் இல்லை, கம்ப்யூட்டர் விஷயத்தில். இந்த இதழுக்கு வரும் கேள்விகளில் பூச்சி, உரம், மானியத்தோடு இப்போது வைஃபையும் சேர்ந்துவிட்டது. “வீட்டுப் போனில் எல்லாம் நெட் வருகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் வரவில்லை” என்று பலர் எழுதுகிறார்கள். அவர்களுக்குப் பதிலாக, என் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

நவம்பர் 13, மாலை

திருச்சி - தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் உள்ள துவாக்குடியை வெளியூர்க்காரர்களுக்குத் தொழிற்சாலை ஊராகத்தான் தெரியும். ஒரு பக்கம் பெல் தொழிற்சாலை. இன்னொரு பக்கம், நாங்கள் இன்றும் ஆர்.இ.சி. என்றே சொல்கிற என்.ஐ.டி. ஆனால் பக்கத்திலேயே வயலும் இருக்கிறது. பேட்டவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரியும் உய்யக்கொண்டான் வாய்க்கால், திருச்சி நகரத்தைக் கடந்து வந்து முடிவது இங்குள்ள வாழவந்தான்கோட்டை ஏரியில்தான். கடைமடை என்பதால் தண்ணீர் தாமதமாக வரும், நடவும் தாமதமாகும். மழை பிடித்துக்கொண்டால் தேங்குவதும் இங்கேதான். அதனால் இந்தப் பக்கத்து விவசாயிகளுக்குப் பயிர்க் காப்பீடு மிக அவசியம்.

சம்பா நெல்லுக்குப் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பதிவு செய்யக் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 15. அதற்கு முந்தைய நான்கைந்து நாட்கள் பொதுச் சேவை மையங்களில் நிற்க இடம் இருக்காது. எனக்குத் தெரிந்த ஒரு விவசாயியின் மகள், கல்லூரியில் படிக்கிற பெண், தன் அப்பாவின் விண்ணப்பத்தை வீட்டிலிருந்தே போடுவாள். அதைப் பார்த்துத் தெருவில் இன்னும் ஏழு பேர் பட்டா, அடங்கல், வங்கிப் புத்தகம், ஆதார் எல்லாவற்றையும் அவளிடம் கொடுத்திருந்தார்கள். அவளும் பொறுப்பாக எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, ஆளுக்கொரு கோப்பாகக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தாள். பெல்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தா வாங்கிய பழைய மேசைக் கம்ப்யூட்டர் அது.

13-ஆம் தேதி மாலை அவள் அப்பா கூப்பிட்டார்.

“சார், ரெண்டு நாளா கம்ப்யூட்டர்ல மட்டும் நெட் வரல. எட்டுப் பேரு காப்பீடு அதுலதான் இருக்கு. என்ன பண்றது?”

“போன்ல வருதா?”

“வருது சார்.”

“வைஃபை பெட்டியில லைட் எரியுதா?”

“எரியுது.”

“அப்ப கம்ப்யூட்டர்ல வைஃபை வாங்குற டாங்கிள் போயிருக்கும். கடையில 400, 500 ரூபாய்க்கு இருக்கும். புதுசு வாங்கிச் சொருகுங்க.”

அவ்வளவுதான் என் வைத்தியம். அவரும் பேச்சை மதித்துத் திருவெறும்பூர் வரை போய் 450 ரூபாய்க்கு ஒரு டாங்கிள் வாங்கி வந்தார். மறுநாள் காலை மறுபடியும் போன். “மாத்திட்டோம் சார். அப்படியேதான் இருக்கு.”

திரையில் இருந்த பதில்

கெடுவுக்கு ஒரு நாள்தான் பாக்கி. அலுவலகம் போகும் வழியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் முதல் அதிர்ச்சி: வைஃபை இணைந்தே இருந்தது. திரையின் மூலையில் வளைவுக் கோடுகள் முழுதாகத் தெரிந்தன. பழைய டாங்கிளைச் சொருகிப் பார்த்தேன், அதிலும் இணைந்தது. டாங்கிளில் ஒரு கோளாறும் இல்லை.

அடுத்து என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அந்தக் கம்ப்யூட்டரை அதனுடன் இணைத்தேன். அப்போதும் காப்பீட்டுத் தளம் திறக்கவில்லை. வீட்டு வைஃபை பெட்டிக்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு இணைப்பிலும் அதே நோய் என்றால், நோய் பெட்டியில் இல்லை, கம்பியில் இல்லை, கம்ப்யூட்டருக்குள்தான் என்று உறுதியாகிவிட்டது.

“திறக்கும்போது என்னம்மா வருது?” என்று கேட்டேன்.

“ஏதோ இங்கிலீஷ்ல எச்சரிக்கை மாதிரி வருது சார். வைரஸோ என்னவோன்னு பயந்து மூடிடுவேன்.”

மூடாமல் விடச் சொல்லிப் படித்தோம். உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தது. திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தேன். ஆண்டு 2009 என்று காட்டியது. இரண்டு நாட்களாகப் பதில் திரையிலேயே இருந்திருக்கிறது. அந்தப் பெண் பயந்து மூடினாள், நான் பார்க்காமலே மருந்து எழுதினேன்.

தேதிக்கும் நெட்டுக்கும் என்ன சம்பந்தம்? வங்கி, காப்பீடு, அரசுச் சேவைத் தளங்கள் ஒவ்வொன்றும் ‘நான் உண்மையான தளம்தான்’ என்பதற்கு ஒரு சான்றிதழ் வைத்திருக்கின்றன. விதை மூட்டையில் உள்ள சான்று அட்டை போல, அதற்கும் தொடங்கும் நாள், முடியும் நாள் உண்டு. கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் அதைத் தன் தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும். கம்ப்யூட்டரின் தேதி 2009 என்றால், இன்றைய சான்றிதழ் அதன் கணக்கில் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் போலித் தளமோ என்று சந்தேகப்பட்டுக் கதவை மூடிவிடும்.

தேதி ஏன் மாறியது? மேசைக் கம்ப்யூட்டரின் தாய்ப்பலகையில் நாணயம் போல ஒரு சிறு பேட்டரி இருக்கும். மின்சாரம் இல்லாதபோதும் தேதியை நினைவில் வைத்திருப்பது அதுதான். அந்த வீட்டில் பேட்டரி எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். பிளக் சொருகியே இருந்தவரை தெரியவில்லை. வயரிங் வேலைக்காக இரண்டு நாள் முன்பு பிளக்கைப் பிடுங்கியதும் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விட்டது. நெட் இருந்தால் கம்ப்யூட்டர் தானே நேரத்தைத் திருத்திக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் வித்தியாசம் பல ஆண்டுகள் என்றால் துணிந்து திருத்தாமல் விட்டுவிடுவதும் உண்டு. போனுக்கு இந்தத் தொல்லை இல்லை, அது டவரிலிருந்தே நேரத்தை வாங்கிக்கொள்ளும்.

தேதியையும் நேரத்தையும் கையால் சரிசெய்தோம். அடுத்த நிமிடம் தளம் திறந்தது. அன்று மாலை எட்டுப் பேரும் ஆளுக்கொரு போனோடு திண்ணையில் வந்து உட்கார்ந்தார்கள். ஓ.டி.பி. வர வர, அவரவரே வந்து தட்டினார்கள். இரவு ஒன்பது மணிக்குள் எட்டு ரசீதுகளும் கைக்கு வந்தன. மறுநாள் வாங்கிப் போட்ட பேட்டரியின் விலை 40 ரூபாய்.

பேட்டரியைத் தேடுபவர்களுக்கு: பெரும்பாலான மேசைக் கம்ப்யூட்டர்களில் இருப்பது சி.ஆர். 2032 என்ற வகை, 3 வோல்ட். கம்ப்யூட்டரை நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும். கூட்டல் குறி உள்ள பக்கம், பழைய பேட்டரி இருந்தது போலவே இருக்க வேண்டும். மடிக்கணினி என்றால் கடையில் கொடுத்து மாற்றுவதே நல்லது. பழைய பேட்டரியைக் குழந்தைகள் கையில் படும்படி போடாதீர்கள். விழுங்கிவிட்டால் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும், ஒரு நொடியும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

எதையும் தொடும் முன் 3 கேள்விகள்

அந்த அனுபவத்துக்குப் பிறகு, யார் கேட்டாலும் முதலில் இந்த மூன்றைத்தான் கேட்கிறேன்.

1. போனில் வருவது வைஃபையா, மொபைல் டேட்டாவா? பலர் ஏமாறும் இடம் இது. வீட்டு வைஃபை செத்துக் கிடந்தாலும், போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறி வேலை செய்யும். ‘போனில் வருகிறதே’ என்று நாம் கம்ப்யூட்டரைச் சந்தேகப்படுவோம். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வைஃபையில் மட்டும் ஒரு புதிய பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

2. பெட்டியில் என்ன விளக்கு எரிகிறது? கண்ணாடி இழை இணைப்பு என்றால், பெட்டியில் ‘எல்.ஓ.எஸ்.’ என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக எரிந்தாலோ மின்னினாலோ, வெளியில் இழை அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. வீட்டுக்குள் நீங்கள் செய்ய ஒன்றுமில்லை, இணைப்புக் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். சிவப்பு இல்லை, போன்களிலும் வைஃபை வருகிறது என்றால், வாய்க்காலில் தண்ணீர் இருக்கிறது. இனி உங்கள் மடையை மட்டும் பார்த்தால் போதும்.

3. போனின் ஹாட்ஸ்பாட்டில் அந்தக் கம்ப்யூட்டர் வேலை செய்கிறதா? வேலை செய்தால் கம்ப்யூட்டரின் வைஃபை உறுப்பு நன்றாகவே இருக்கிறது. அதற்கும் உங்கள் வீட்டுப் பெட்டிக்கும் நடுவில்தான் பிணக்கு. ஹாட்ஸ்பாட்டிலும் வரவில்லை என்றால் கோளாறு கம்ப்யூட்டருக்குள். இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும், செலவும் இல்லை.

அதன் பிறகு, திரையில் என்ன தெரிகிறது என்பதைக் கொண்டு நான்காகப் பிரிக்கலாம்.

அறிகுறி 1: வைஃபை பெயரே தெரியவில்லை

எந்தப் பெயருமே தெரியவில்லை என்றால், கம்ப்யூட்டரின் வைஃபை அணைந்திருக்கிறது அல்லது அதன் உறுப்பு வேலை செய்யவில்லை. மடிக்கணினியில் விமானப் படம் போட்ட ஒரு விசை இருக்கும். குழந்தைகள் விளையாடும்போதும் துடைக்கும்போதும் அது அழுந்திவிடும். மறுபடி ஒருமுறை அழுத்துங்கள். சில கம்ப்யூட்டர்களில் ‘எஃப்.என்.’ விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

மேசைக் கம்ப்யூட்டரில் டாங்கிளைப் பிடுங்கி, வேறு துளையில் சொருகிப் பாருங்கள். பெட்டியின் பின்புறம், சுவரோரமாக இருந்தால் இரும்புக் கூடு அலையை மறைக்கும். முன்பக்கத் துளையில் சொருகுங்கள், அல்லது ஒரு யு.எஸ்.பி. நீட்டிப்பு வயர் போட்டு மேசை மேல் வையுங்கள். அப்போதும் தெரியவில்லை என்றால், ‘டிவைஸ் மேனேஜர்’ பக்கத்தில் ‘நெட்வொர்க் அடாப்டர்’ வரிசையில் மஞ்சள் ஆச்சரியக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதிதாகப் போட வேண்டும்.

அக்கம்பக்கத்துப் பெயர்கள் தெரிகின்றன, நம் வீட்டுப் பெயர் மட்டும் தெரியவில்லை என்றால் வேறு காரணம். வைஃபை பெட்டிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையில் பேசும். பழைய கம்ப்யூட்டர்களுக்கு 2.4 மட்டுமே புரியும். புதுப் பெட்டி மாட்டியவர் 5-ஐ மட்டும் இயக்கிவிட்டுப் போயிருந்தால், புது போன்களுக்குத் தெரியும், பழைய கம்ப்யூட்டருக்குத் தெரியாது. 2.4-ஐயும் இயக்கச் சொல்லுங்கள். வைஃபை பெயரின் முடிவில் உள்ள ‘5ஜி’ என்பது இந்த அலைவரிசையைக் குறிக்கிறது. செல்போன் கம்பெனிகள் சொல்லும் 5ஜி வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அறிகுறி 2: பெயர் தெரிகிறது, இணைய மறுக்கிறது

பெரும்பாலும் கடவுச்சொல்தான். யாரோ பெட்டியில் கடவுச்சொல்லை மாற்றியிருப்பார்கள். போன்களில் புதியதைப் போட்டிருப்பீர்கள். கம்ப்யூட்டர் மட்டும் பழையதையே சொல்லிக்கொண்டிருக்கும். அந்த வைஃபை பெயரின் மேல் வலது பக்கச் சொடுக்குச் செய்து, ‘ஃபர்கெட்’ கொடுத்து, புதிதாகத் தட்டுங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு உண்டு. சுழியத்தையும் ‘ஓ’ எழுத்தையும், ஒன்றையும் ‘எல்’ எழுத்தையும் மாற்றித் தட்டுவது வழக்கமான தவறு.

கடவுச்சொல் சரியாக இருந்தும் பழைய கம்ப்யூட்டர் மறுத்தால், பெட்டியின் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். புதிய பெட்டிகளில் டபிள்யூ.பி.ஏ. 3 என்ற முறை இருக்கும், பல பழைய கம்ப்யூட்டர்களுக்கு அது தெரியாது. டபிள்யூ.பி.ஏ. 2-க்கும் இடம் கொடுக்கும்படி மாற்றினால் இணைந்துவிடும். பாதுகாப்பே இல்லாமல் திறந்துவிட மட்டும் வேண்டாம்.

அறிகுறி 3: இணைந்திருக்கிறது, எதுவும் திறக்கவில்லை

முதலில் தேதி. மேலே சொன்ன கதை இந்த வகைதான்.

தேதி சரி என்றால், அடுத்து முகவரி. முறைப் பாசனத்தில் நீர்ப்பாய்ச்சி ஒவ்வொரு வயலுக்கும் முறை வைப்பது போல, வைஃபை பெட்டி தன்னிடம் வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் கொடுக்கும். அதுதான் ஐ.பி. முகவரி. செட்டிங்ஸில் ‘நெட்வொர்க் அண்டு இன்டர்நெட்’ பகுதியில், இணைந்துள்ள வைஃபையின் ‘பிராப்பர்ட்டீஸ்’ திறந்தால் தெரியும். வீடுகளில் பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். 169.254 என்று தொடங்கினால், பெட்டியிடமிருந்து எண் கிடைக்காமல் கம்ப்யூட்டர் தானே ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று பொருள். பெட்டியை அணைத்து ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள், கம்ப்யூட்டரையும் ‘ரீஸ்டார்ட்’ செய்யுங்கள். பெரும்பாலும் இதிலேயே சரியாகும்.

அப்படியும் இல்லையென்றால், வி.பி.என்., ப்ராக்ஸி என்று ஏதாவது இயங்குகிறதா என்று பார்த்து நிறுத்துங்கள். கடைசி மருந்து ‘நெட்வொர்க் ரீசெட்’. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அதே நெட்வொர்க் செட்டிங்ஸ் பகுதியில் இருக்கிறது. கம்ப்யூட்டர் சேமித்து வைத்த வைஃபை கடவுச்சொற்கள் எல்லாம் அழிந்துவிடும். அதனால் முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி 4: வருகிறது, போகிறது

இது தூரமும் தடையும் செய்யும் வேலை. கான்கிரீட் சுவர், இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அலையைத் தடுக்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் 2.4-ஐ விடப் பலவீனமானது. கம்ப்யூட்டர் அடுத்த அறையில் இருந்தால் 2.4-இல் இணைத்துப் பாருங்கள். பெட்டியைத் தொலைக்காட்சிக்குப் பின்னாலும் பீரோ மேலும் ஒளித்து வைக்காமல், ஆள் உயரத்தில் வெளியே தெரியும்படி வையுங்கள்.

இடம் மாற்றியும் அடிக்கடி விட்டுவிட்டுப் போனால், மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதற்காகக் கம்ப்யூட்டரே வைஃபை உறுப்பை அணைத்துக்கொண்டிருக்கலாம். டிவைஸ் மேனேஜரில் அந்த உறுப்பின் ‘பவர் மேனேஜ்மென்ட்’ பகுதியில், அணைக்க அனுமதிக்கும் கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள்.

செய்யக் கூடாத நான்கு

பெட்டியின் பின்னால் உள்ள ஊசித் துளையைக் குத்தாதீர்கள். அது ‘ரீசெட்’ துளை. குத்தினால், இணைப்புக் கொடுத்தவர் போட்டு வைத்த பயனர் பெயர், அமைப்பு எல்லாம் அழிந்துபோகலாம். ஒரு கம்ப்யூட்டருக்கு இருந்த கோளாறு வீட்டுக்கே வந்துவிடும். அணைத்துப் போடுவது வேறு, ஊசியால் குத்துவது வேறு.

ஒரே நேரத்தில் நான்கை மாற்றாதீர்கள். மூன்று மருந்தைக் கலந்து அடித்தால் எது கேட்டது என்று தெரியாது. ஒன்றை மாற்றுங்கள், பாருங்கள், பயனில்லை என்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

யாரோ போன் செய்து ‘உங்கள் நெட்டைச் சரிசெய்கிறோம், இந்தச் செயலியை இறக்குங்கள்’ என்றால் செய்யாதீர்கள். உங்கள் திரையை அவர் கையில் கொடுக்கும் செயலிகள் உண்டு. வங்கிக் கணக்கும் அதோடு போய்விடும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

பார்க்காமல் பொருள் வாங்காதீர்கள். இதை எனக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

கெடு நாளுக்கு முதலுதவி

நாளை கடைசி நாள், வைஃபை மட்டும் இணையவில்லை, காரணம் தேட நேரமில்லை என்றால் இதைச் செய்யுங்கள். போனைச் சார்ஜர் வயரால் கம்ப்யூட்டரில் இணைத்து, போனின் ஹாட்ஸ்பாட் பகுதியில் ‘யு.எஸ்.பி. டெதரிங்’ போடுங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் வயர் உதவாது, படங்களை மாற்றப் பயன்படும் வயர் வேண்டும். கம்ப்யூட்டரில் வைஃபை உறுப்பே இல்லாவிட்டாலும், போனின் நெட் வயர் வழியாக வந்துவிடும். விண்ணப்பத்தை முடித்துவிட்டு, பிறகு நிதானமாக நோயைத் தேடலாம். தேதி தவறாக இருந்தால் மட்டும் இந்த முதலுதவியும் பலிக்காது. அதனால்தான் தேதியை முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

வாசகர் கேள்விகள்

லால்குடி வாசகர்: நெட் கம்பெனியை மாற்றினோம். எல்லாப் போன்களிலும் வருகிறது. மகனின் கம்ப்யூட்டரில் கடவுச்சொல் சரியாகப் போட்டு இணைந்தும், எதுவும் திறக்கவில்லை.

பதில்: பழைய இணைப்பு கொடுத்தபோது, யாரோ அந்தக் கம்ப்யூட்டரில் ஐ.பி. முகவரியைக் கையால் எழுதி நிலைநிறுத்தியிருக்க வாய்ப்பு அதிகம். புதிய பெட்டியின் எண் வரிசை வேறாக இருந்தால், பழைய முகவரியை வைத்துக்கொண்டு அது பேச முடியாது. வைஃபையின் பிராப்பர்ட்டீஸில் ‘ஐ.பி. அசைன்மென்ட்’ என்ற இடத்தில் ‘ஆட்டோமேட்டிக்’ என்று மாற்றுங்கள். இரண்டு நிமிட வேலை.

மண்ணச்சநல்லூர் வாசகர்: இடி விழுந்த இரவுக்குப் பிறகு, வயரில் இணைத்திருந்த கம்ப்யூட்டரில் மட்டும் நெட் இல்லை. வைஃபையில் போன்கள் வேலை செய்கின்றன. கண்ணாடி இழையில் மின்சாரம் வராது என்றார்களே?

பதில்: கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பது சரி. ஆனால் பெட்டியின் அடாப்டர் வழியாகவும், பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையிலான செம்புக் கம்பி வழியாகவும் வரும். கம்ப்யூட்டரில் அந்த வயர் சொருகும் துளை எரிந்திருக்கலாம். அந்த வயரை அதே பெட்டியின் வேறு துளையில் போட்டும், வேறு கம்ப்யூட்டரில் போட்டும் பாருங்கள். துளைதான் எரிந்தது என்று தெரிந்தால், ஒரு வைஃபை டாங்கிள் வாங்கிச் சொருகுங்கள். இங்கே அதுதான் சரியான மருந்து. இனி இடி இடிக்கும்போது அடாப்டரையும் வயரையும் பிடுங்கிவிடுங்கள்.

துறையூர் வாசகர்: எங்களுடையது விண்டோஸ் 7. வைஃபை நன்றாக இணைகிறது. சில தளங்கள் திறக்கின்றன, அரசுத் தளங்கள் மறுக்கின்றன. தேதியும் சரி.

பதில்: விண்டோஸ் 7-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் நிறுத்திவிட்டது. குரோம் உலாவியும் 2023 முதல் அதற்குப் புதிய பதிப்பு தருவதில்லை. தளங்களின் பாதுகாப்பு முறை முன்னேறிப் போக, உங்கள் கம்ப்யூட்டர் பின்தங்கிவிட்டது. வைஃபையில் எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைக்காது. கம்ப்யூட்டர் தாங்குமா என்று கடையில் கேட்டு, புதிய இயங்குதளம் போடுங்கள். விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அந்த வீட்டுப் பக்கம் போனால் இப்போதும் எட்டிப் பார்ப்பேன். கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டில் அந்தப் பெண் ஒரு தாளை ஒட்டி வைத்திருக்கிறாள். ‘தேதி பார். போனில் டேட்டாவை அணைத்துப் பார். ஹாட்ஸ்பாட் போட்டுப் பார். திரையில் எழுதியிருப்பதைப் படி’ என்று நான்கு வரி. வீண் போன டாங்கிள் வீண் போகவில்லை, பக்கத்து வீட்டுப் பையனின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதற்கான 450 ரூபாயை நான் கொடுக்கப் போனபோது, அவள் அப்பா வாங்க மறுத்துவிட்டார். “நீங்க எத்தனை தடவை எங்களுக்கு மருந்துச் செலவை மிச்சப்படுத்தியிருக்கீங்க சார், இது ஒண்ணு போகட்டும்” என்றார்.